பிள்ளைகள் வரைந்த சுவரின் முன்னால் அரிவாள் காணொளி: ஓவியர் எப்படிப் பதில் சொல்வது?

கேள்வி
எழுதியவர்: பொருநைக்கரையாள்

வணக்கம். நான் சேரன்மகாதேவிப் பக்கத்தில் வாழும் ஓவியர். பாடத் துணைநூல்களுக்குப் படங்களும் மறைந்த பெரியவர்களின் உருவப் படங்களும் வரைந்து கொடுப்பது என் பிழைப்பு. இரண்டு ஆண்டுகளாக, ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றின் அரசு உயர்நிலைப் பள்ளியில் சனிக்கிழமை முற்பகலில் ஊதியமின்றி ஓவியம் கற்பித்து வருகிறேன். அங்கே ஓவிய ஆசிரியர் இல்லை. என்னிடம் வரும் 31 பிள்ளைகளில் பெரும்பாலோரின் தாய்மார்கள் பீடி சுற்றுகிறவர்கள். தாயின் பீடித் தட்டுக்கு அருகில் அமர்ந்து இலை வெட்டிப் பழகிய பெண் பிள்ளைகளுக்குக் கத்தரிக்கோல் பிடிக்க நான் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கடந்த கோடை விடுமுறையில், தெருவைப் பார்த்த பள்ளிச் சுற்றுச்சுவரில் 40 அடி நீளத்துக்கு ஓர் ஓவியம் தீட்டினோம். தாமிரபரணி, அதன் கரையில் மருத மரங்கள், கூந்தன்குளத்து நாரைகள், அடியில் பத்தமடைப் பாயின் கரை வேலைப்பாட்டைப் போன்ற ஒரு பட்டை ஆகியவை அதில் இருந்தன. ஊரின் இரண்டு தெருப் பிள்ளைகளும் ஒரே வாளியில் தூரிகை நனைத்து வரைந்த படம் அது.

மூன்று வாரங்களுக்கு முன் சில இளைஞர்கள் அந்தச் சுவரில் நாரைகளின் மேல் தங்கள் சாதியின் பெயரை எனாமல் பெயிண்டால் எழுதி, அதன் முன் அரிவாளோடு நின்று, இன்னொரு சாதியாரை இழிவுபடுத்தும் பாடலைச் சேர்த்து ஒரு ரீல்ஸ் எடுத்து வெளியிட்டார்கள். 40 நொடிகள்தான் ஓடுகிறது. அதில் கடைசி ஆளாக, அரிவாளைச் சரியாகப் பிடிக்கத் தெரியாமல் நிற்பவன் என் வகுப்பில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மாணவன். அதற்கு அடுத்த சனிக்கிழமை மறு தெருவிலிருந்து வரும் ஆறு பிள்ளைகள் வரவில்லை.

அன்றிரவு தூக்கம் வராமல் ஒரு படம் வரைந்தேன். அரிவாள் பிடித்த ஒரு கை, மணிக்கட்டில் சாதி அடையாளமாகக் கட்டும் வண்ணக் கயிறு, அந்தக் கயிற்றின் மறுமுனை படத்துக்கு வெளியே நிற்கும் யாரோ ஒருவரின் பிடியில். வரைந்து முடித்த பிறகுதான் பார்த்தேன், அந்தக் கைக்குரிய முகம் என் மாணவனுடையதாகவே அமைந்துவிட்டது. அதை என் பக்கத்தில் வெளியிடலாமா என்று மூன்று வாரமாகத் தவிக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயிலின் ஐந்து நிலைக் கோபுரத்துக்குள் இருக்கும் சுவரோவியங்களைக் கோட்டோவியமாகப் படியெடுப்பது என் சொந்த இலக்கு. முறையாக அனுமதி பெற்று, நேரில் எடுத்த குறிப்புகளை வீட்டில் வைத்து வரைகிறேன். 60 பகுதிகளை வரும் தைப்பூசத்துக்குள் முடிப்பதாக என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். 23 முடிந்துள்ளன. அந்த ரீல்ஸைப் பார்த்த நாளிலிருந்து ஒரு கோடு கூட இழுக்கவில்லை. தொண்டை நிறுத்திவிட்டு வேலையைப் பார் என்று வீட்டில் சொல்கிறார்கள். என் படத்தை வெளியிடுவது சரியா? பேசாமல் இருந்தால் அது கோழைத்தனமா? இவற்றுக்கு நடுவில் என் வேலைக்கு எப்படித் திரும்புவது?


பதில் 1
எழுதியவர்: பலகை எழுத்தாளன், பாளையங்கோட்டை

தங்கச்சி, நான் 40 ஆண்டுகளாகக் கடைப் பலகையும் சுவர் விளம்பரமும் எழுதுகிறவன். வண்ணத்தால் எழுதிய ஒரு பெயர் ஊரை எந்த அளவுக்கு உலுக்கும் என்பதை என் கையாலேயே அறிந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

1997 இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்ட போக்குவரத்துக் கழகத்துக்கு, கட்டபொம்மனின் படைத்தளபதியும் பட்டியலினத்தவருமான வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டதை ஒட்டித் தென் மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்டது. முடிவில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை நீக்கியது. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என்று எழுதிவந்த நாங்கள் மறுபடியும் திருநெல்வேலி மாவட்டம் என்று எழுதத் தொடங்கினோம். பேருந்துகளின் பக்கவாட்டில் பழைய பெயரை அழித்து எழுதியவர்களில் நானும் ஒருவன். அந்த நாட்களில் ஒரு பெயரை எழுதினாலும் சண்டை வந்தது, அழித்தாலும் சண்டை வந்தது. ஒரு சாரார் சுவரொட்டி ஒட்டினால் மறு சாரார் அதைவிடப் பெரிதாக ஒட்டுவார்கள். அச்சகத்துக்கும் எங்களைப் போன்றோருக்கும் வேலை பெருகியதே தவிர, எந்தச் சுவரொட்டியும் எதிராளியின் மனத்தை மாற்றி நான் பார்த்ததில்லை. அந்த வேலைகள் சிலவற்றை நானும் கூலி வாங்கிக்கொண்டு செய்தேன். இன்றைக்கும் அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ரீல்ஸுக்கும் அதே கணக்குதான். கோபத்தோடு ஒருவர் பின்னூட்டம் இட்டாலும், கண்டித்துப் பகிர்ந்தாலும், அந்தச் செயலி அதை ஆர்வம் என்று எண்ணிக்கொண்டு இன்னும் பலருக்குக் காட்டுகிறது. உன் படத்தைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்கப்போவது எந்தக் காணொளி என்பதுதான். தேடிப் போய்ப் பார்ப்பார்கள். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அந்த முகம். நீ கோபப்பட்டது கயிற்றை இழுக்கிறவன் மீது. படத்தில் அவனுக்கு முகமில்லை, பதினான்கு வயதுப் பையனுக்கு முகம் இருக்கிறது. பார்க்கிறவர்கள் யாரைத் தேடி வருவார்கள்?

அந்தச் சுவர் பிள்ளைகளுடையது. பதில் அங்கேதான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். படத்தை வெளியிட வேண்டாம். சுவரை மறுபடி தீட்டுங்கள்.


பதில் 2
எழுதியவர்: வண்ணார்பேட்டை வழக்குரைஞர்

அக்கா, அண்ணாச்சி சொன்னதில் பாதியை ஏற்கிறேன், பாதியை என்னால் ஏற்க முடியவில்லை.

வராமல் போன அந்த ஆறு பிள்ளைகளின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். நான் அப்படியொரு தெருவிலிருந்து படிக்கப் போனவள். வகுப்பில் யாராவது எங்களை இழிவாகப் பேசினால், பேசியவனை நாங்கள் பார்க்கமாட்டோம், ஆசிரியரின் முகத்தைத்தான் பார்ப்போம். அவர் கரும்பலகையின் பக்கம் திரும்பிக்கொண்டால் எங்களுக்கு விடை கிடைத்துவிடும். ரீல்ஸுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது வேறு, அந்தப் பிள்ளைகளிடம் ஒன்றுமே சொல்லாமல் இருப்பது வேறு. சுவரை அமைதியாக வெள்ளையடித்துவிட்டு நாரையை மறுபடி வரைந்தால், நடந்தது நடக்கவே இல்லை என்று நீங்கள் சொல்வதாகவே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவர் சக மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டதை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. தடுக்க ஓடிவந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், பள்ளிகளில் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்குதல் உள்ளிட்ட பல பரிந்துரைகள் இருக்கின்றன. அரிவாளோடு எடுக்கும் காணொளியை விளையாட்டு என்று கடந்துபோக முடியாத மண்ணில் நாம் இருக்கிறோம்.

எனவே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். காணொளியின் இணைப்பு, கணக்கின் பெயர், பார்த்த நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்துத் திரைப்பதிவு எடுத்து வையுங்கள், ஆனால் யாருக்கும் அனுப்பாதீர்கள். அதன்பின் செயலியிலேயே புகார் செய்யுங்கள். பள்ளிச் சுவர் அரசுச் சொத்து என்பதால், தலைமையாசிரியர் மூலம் எழுத்துப்பூர்வமாகக் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கச் சொல்லுங்கள். பிரிவினருக்கிடையே பகைமையைத் தூண்டுவது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 196 ஆம் பிரிவின்படி குற்றம். அவர்கள் பாடி இழிவுபடுத்தியது பட்டியலின மக்களை என்றால் 1989 ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பொருந்தக்கூடும்.

படத்தைப் பற்றி மட்டும் அண்ணாச்சியோடு முழுமையாக உடன்படுகிறேன். சட்டத்தோடு முரண்படும் சிறாரை அடையாளம் காட்டும் பெயரையோ படத்தையோ ஊடகங்களில் வெளியிடக் கூடாது என்பது 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74 ஆம் பிரிவு. கையால் வரைந்த படம்தானே என்று எண்ண வேண்டாம், ஊரில் எல்லாருக்கும் அவனைத் தெரியும். அவனை அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்திய பெரியவர்கள் யார் என்பதைக் காவல் துறை கேட்கட்டும். அவன் எப்படி அங்கே போய் நின்றான் என்பதை நீங்கள் கேளுங்கள்.


பதில் 3
எழுதியவர்: மாடப்புறா, அம்பாசமுத்திரம்

நான் கோயில் ஓவியங்களைப் படம் எடுக்கிறவன். இலக்கைப் பற்றி மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

60 என்ற எண்ணை விட்டுவிடுங்கள். அந்தக் கோபுரத்தின் உட்சுவர்களையும் மரத்தூண்களையும் பார்த்த எவருக்கும், அது ஒரு தைக்குள் அடங்கும் வேலை இல்லை என்பது தெரியும். மூன்று வாரம் நின்றுபோனால் எப்படித் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். எளிய பகுதி எதையாவது எடுத்துத் தினம் அரை மணி நேரம் உட்காருங்கள், கை தானாகப் பழகிக்கொள்ளும்.

ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். அங்கே குதிரைகளை ஏற்றி வரும் கப்பல் இருக்கிறது, இராமாயணம் இருக்கிறது, 1532 இல் தாமிரபரணிக் கரையில் விஜயநகரப் படைக்கும் வேணாட்டு (திருவிதாங்கூர்) படைக்கும் நடந்த போரைக் குறிப்பதாக ஆய்வாளர்கள் கருதும் காட்சிகளும் இருக்கின்றன. நம் ஆற்றங்கரையில் வாளேந்தி நின்றவர்களை ஓர் ஓவியன் எப்படி வரைந்தான் என்பதை நீங்கள் ஒவ்வொரு கோடாகப் பின்தொடர்ந்து கொண்டிருக்கிறீர்கள். தொண்டும் இந்த வேலையும் ஒன்றையொன்று தின்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தப் படிகளைப் பிள்ளைகளுக்கு ஒருமுறையாவது காட்டியிருக்கிறீர்களா?


கேள்வி கேட்டவரின் பதில்
எழுதியவர்: பொருநைக்கரையாள்

மூவருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

வழக்குரைஞர் தங்கை சொன்னபடி தலைமையாசிரியரைச் சந்தித்தேன். முதலில் தயங்கினார். பிறகு எழுத்தில் கொடுத்தார். ரீல்ஸ் இப்போது அந்தக் கணக்கில் இல்லை. எடுத்தவர்களே நீக்கினார்களா, செயலி நீக்கியதா என்று தெரியவில்லை. வேறு கணக்குகளில் இருக்கக்கூடும். நான் தேடவில்லை.

வராமல் போன ஆறு பிள்ளைகளின் வீடுகளுக்கும் மாலை நேரத்தில் போனேன். ஒவ்வொரு தாயும் பீடித் தட்டை மடியிலிருந்து இறக்காமலேயே பேசினார். நடந்தது தவறு, அதைத் தவறு என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் சொல்லப்போகிறேன், அதைக் கேட்கவாவது பிள்ளையை அனுப்புங்கள் என்றேன். நால்வர் வந்தார்கள். சொன்னேன். குரல் நடுங்கியது என்றாலும் முழுவதும் சொல்லி முடித்தேன்.

அந்த மாணவனிடம் தனியாகப் பேசினேன். எதிர்த்துப் பேசுவான் என்று எண்ணியிருந்தேன். அவன் நெடுநேரம் பேசாமலிருந்து, அந்த நாரைகளில் இரண்டாவது நாரை தான் வரைந்தது என்றான். அதன் மேல்தான் எழுதப்போகிறார்கள் என்று தெரியாது என்றும், எழுதிய பிறகு விலகிப்போக வழி தெரியவில்லை என்றும் சொன்னான். அதை நம்புகிறேன். மறு தெருப் பிள்ளைகளிடம் அவன் இன்னும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதை நான் அவனுக்காகப் பேசிவிட முடியாது.

என் படத்தில் முகத்தைச் சுரண்டி எடுத்துவிட்டேன். கை மட்டும் இருக்கிறது. வெளியிடப் போவதில்லை.

மாடப்புறா, போர்க்காட்சிகளின் நான்கு படிகளை வகுப்புக்குக் கொண்டுபோனேன். ஒரு மணி நேரம் சத்தமே இல்லை. ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, குதிரையின் கால்களை எண்ணிப் பார்த்து, இவை யாருடைய குதிரை என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. 24 ஆவது பகுதியைத் தொடங்கிவிட்டேன்.

அண்ணாச்சி, உங்களிடம் ஒரு வேலைச் சந்தேகம். எனாமல் எழுத்தின் மேல் எமல்ஷன் அடித்தோம். இரண்டே நாளில் தோல் உரிவது போல் உரிந்து, அந்தப் பெயர் மறுபடி தெரிகிறது. பிள்ளைகள் மனம் உடைந்து நிற்கிறார்கள்.


பதில் 4
எழுதியவர்: பலகை எழுத்தாளன், பாளையங்கோட்டை

தங்கச்சி, எனாமலின் வழவழப்பில் எமல்ஷன் பிடிக்காது. எழுத்து இருக்கும் இடத்தை முதலில் சொரசொரப்பான உப்புத்தாளால் பளபளப்புப் போகும்வரை தேய்க்க வேண்டும். தூசியை ஈரத் துணியால் துடைத்துக் காயவிட்டு, பிரைமர் ஒரு பூச்சு அடித்து ஒரு நாள் விட வேண்டும். அதன் மேல் வெள்ளை எமல்ஷன் இரண்டு பூச்சு. அதற்குப் பிறகே நாரை. அவசரப்பட்டு ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதே, சாயங்காலம் மழை வந்தால் எல்லாம் வீண்.

வழக்குரைஞர் தங்கை சொன்னது சரிதான். சுவரை மறுபடி தீட்டினால் போதும் என்பதுபோல் நான் எழுதியது முழுமையில்லை. நீ முதலில் பேசிவிட்டுத் தூரிகை எடுத்திருக்கிறாய்.

தேய்க்கிற வேலை பிள்ளைகளின் கைக்குக் கடினம். வெள்ளிக்கிழமை மதியம் நான் பாளையங்கோட்டையிலிருந்து புறப்பட்டு வருகிறேன். உப்புத்தாளும் பிரைமரும் என்னிடம் இருக்கின்றன. பள்ளியில் ஏணி இருக்கிறதா என்று மட்டும் எழுது.