ஊசி, கத்தி இல்லாமல் நாயின் தசைப் பலத்தைப் பார்க்க முடியுமா?

கோண்டாவில்காரன்: எங்கள் மணிக்கு 9 வயது. இரண்டு மாதமாக முன்னங்காலை ஊன்றி உடம்பை முன்னுக்கு இழுத்துத்தான் எழும்புகிறான், வலது தொடையைத் தடவினால் எலும்பு கையில் படுகிறது. மயக்கி, தசையை வெட்டியெடுத்துப் பார்க்க எனக்கு மனமில்லை. வேறு வழி இருக்கிறதா?

சுன்னாகம் அக்கா: இருக்கிறது தம்பி. அவன் நாலு காலிலும் நேராக நிற்கும்போது தையல் நாடாவால் இரண்டு தொடையையும் ஒரே உயரத்தில் அளந்து பாருங்கள். எப்போதும் ஒரே ஆள்தான் அளக்க வேணும், மூன்று தரம் அளந்து சராசரி எடுங்கள், நாடாவைக் கொஞ்சம் இறுக்கினாலே அளவு மாறிவிடும்.

நாய்ப்பிரியன்: நாடா பருமனைத்தான் சொல்லும், பலத்தைச் சொல்லாது. நிற்கும் நாயின் நிறையில் ஏறக்குறைய 60 வீதம் முன்னங்கால்களில்தான் இருக்கும், மிச்சம் பின்னுக்கு. ஒரே மாதிரி இரண்டு தராசில் பின்னங்கால்களை வைத்து, தலை நேராக இருக்கும்போது பாருங்கள், எந்தக் காலில் பாரம் போடாமல் தவிர்க்கிறான் என்று தெரியும். அப்புறம் பின்னங்கால் பாதத்தை, மேல்பக்கம் நிலத்தில் படும்படி மெல்லப் புரட்டி வையுங்கள்; அவனே உடனே திருப்பாவிட்டால் நரம்பிலும் சிக்கல் இருக்கலாம், மிருக வைத்தியரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள்.

கோண்டாவில்காரன்: அளந்தேன். வலது 31 சென்ரிமீற்றர், இடது 33. பாதத்தை உடனே திருப்பிவிட்டான். எழும்புவதை வீடியோ எடுத்திருக்கிறேன், நாளைக்குக் காலையில் கொண்டுபோய்க் காட்டுகிறேன்.