போர்பொய்சிங்: ‘துள்ளல்’ என்று எழுதினால் போதுமா?

கொக்குவிலிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். எங்கட மோட்டார் வாகனச் சொற்பட்டியலில் ‘போர்பொய்சிங்’ (porpoising) என்பதற்கு நேரே இன்னும் வெற்றிடம்தான். 2022 போர்மியூலா வன் பருவத்துக்கு முன்னர், பெப்ரவரி 23 முதல் 25 வரை பார்சிலோனாவில் புதிய கார்களை ஓட்டிப் பார்த்தபோது அவை நேர்பாதையில் மேலும் கீழுமாக ஆடின. அதைத் தமிழில் எழுதுவோர் துள்ளல், குலுக்கல், அதிர்வு என்று வாய்க்கு வந்ததைப் போடுகிறார்கள். மூலச்சொல் ‘போர்பொய்ஸ்’ என்ற, டொல்பினை ஒத்த கடல் விலங்கிலிருந்து வந்தது. டொல்பின் இனத்துக்கு ஓங்கில் என்ற பெயர் எங்களிடம் இருக்கிறபடியால் ‘ஓங்கில் துள்ளல்’ என்று முன்வைக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கோ.

திருநெல்வேலியிலிருந்து:

கொக்குவில் அண்ணை, ஓங்கிலோடு எனக்குப் பிணக்கில்லை. ‘துள்ளல்’தான் உதைக்குது. காரின் அடியில் நடக்கிற மூன்று வேறு விடயங்களை அது ஒன்றாகக் குழப்பிவிடும்.

முதலாவது, போர்பொய்சிங் தானே. அதன் பொறிமுறையைப் பாருங்கோ. 1983இல் தட்டையான அடித்தளம் கட்டாயமானதோடு தரைவிளைவுக் கார்கள் (அடியில் ஓடும் காற்றால் தரையோடு ஒட்டி ஓடுபவை) ஒழிந்தன. 2022 விதிகள் அடித்தளத்தின் இரு பக்கமும் நீளமான வென்சூரி வாய்க்கால்களை (நடுவில் ஒடுங்கிப் பிறகு விரிபவை)த் திரும்பக் கொண்டுவந்தன. கதி கூடக்கூட வாய்க்காலுக்குள் அமுக்கம் குறையும், கார் தரையை நோக்கி இறங்கும். இறங்க இறங்க இடைவெளி ஒடுங்கி அமுக்கம் இன்னும் விழும். ஒரு கட்டத்தில், மேற்பரப்புகளை ஒட்டி ஓடும் மந்தமான காற்றுப் படையே அந்த ஒடுங்கிய வாயை அடைத்துவிடும். ஓட்டம் பிரியும், கீழ்விசை (காரைத் தரையோடு அழுத்தும் விசை) சடுதியாகக் குறையும், அமுங்கிக் கிடந்த வில்லும் ரயரும் காரை மேலே தள்ளும். இடைவெளி திறந்ததும் ஓட்டம் திரும்ப ஒட்டும், கார் திரும்ப இறங்கும். இந்த மாற்றத்துக்குக் காற்றோட்டம் உடனே ஈடுகொடுக்காமல் சற்றுப் பிந்துகிறது. அந்தப் பிந்தலால் ஒவ்வொரு சுற்றிலும் அலைவுக்குள் சக்தி ஏறுகிறது. மீடிறன், அதாவது ஆட்டத்தின் எண்ணிக்கை, ஏறக்குறைய செக்கனுக்கு 5 அல்லது 6.

இரண்டாவது, பாதையின் மேடுபள்ளத்தால் வரும் வெறும் துள்ளல். இரண்டையும் பிரித்தறிய, அடித்தளத்தில் பூட்டிய லேசர் உயரமானியின் வரைவு போதும். மணிக்கு 300 கிலோமீற்றரில் கார் செக்கனுக்கு 83 மீற்றர் போகும். மீடிறன் 5.5 என்றால் ஏறக்குறைய 15 மீற்றருக்கு ஓர் அலை. அதே நேர்பாதையில் 270இல் ஓட்டிப் பாருங்கோ. அலைநீளம் 15 மீற்றரிலேயே நின்றால் குற்றம் பாதையில். மீடிறன் மாறாமல் அலைநீளம் 13.6 மீற்றராகக் குறுகினால் அது கார் தானே வளர்த்துக்கொள்ளும் ஆட்டம். ஆட்டம் தொடங்கும் வாசல் கதி ஒன்றுக்குக் கீழே அது அடியோடு நின்றும் போகும். மேடுபள்ளத் துள்ளல் அப்படி நிற்காது.

மூன்றாவது, அடித்தளம் தரையில் மோதுவது. அடியில் பூட்டும் பலகை 10 மில்லிமீற்றர் தடிப்பு. தேய்ந்து 9க்குக் கீழே போனால் தகுதிநீக்கம். இது முதல் இரண்டின் விளைவாக வரலாம், தனியாகவும் வரலாம்.

சொல் விவகாரமாக மட்டும் இதை எடுக்க வேண்டாம். மேர்சிடிஸ் அணி டபிள்யூ13 காரை மார்ச் 10 முதல் 12 வரை பஹ்ரேனில் ஓட்டியபோது, பக்கப்பெட்டிகள் (ஓட்டுநரின் இரு பக்கமும் புடைத்திருக்கும் பகுதிகள்) இல்லையென்று சொல்லுமளவுக்கு ஒடுங்கிய வடிவத்தோடு வந்தது. அந்த வடிவம் தரைக்கு மிக அருகில் ஓடினால்தான் கீழ்விசை தரும். அருகில் ஓட்டினால் ஆடும், உயர்த்தினால் கீழ்விசை போய்விடும். மே மாதம் ஸ்பெயினில் புதிய பாகங்களோடு முதலாவது நோய் பெரும்பாலும் அடங்கியது. பிறகு மொனாக்கோவிலும் அசர்பைஜானின் பாக்கு நகரிலும் கார் இன்னும் குதித்தது. இந்தத் தடவை காரணம் வேறு: விறைத்த வில்லோடு தாழ ஓடும் காருக்குக் கரடுமுரடான வீதி. பாக்குவில் அணியின் அப்போதைய ஓட்டுநர் லூயிஸ் ஹமில்டன் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் காரைவிட்டு இறங்கினார். மருந்துகளும் வேறு. முதலாவதற்குக் காரை உயர்த்து, அடித்தள விளிம்பை வெட்டு, விளிம்பு வளையாமல் தாங்குகம்பி போடு. இரண்டாவதற்கு வில்லை இளக்கு. முதலாவது நோய் உள்ள காரின் வில்லை இளக்கினால் அது இன்னும் சுகமாகக் கீழே இறங்கும்.

சுன்னாகத்திலிருந்து:

மூன்றாவதற்குப் புதுச் சொல் தேட வேண்டாம். பாரம் ஏற்றின வாகனத்தைப் பற்றி கராஜில் எல்லாரும் ‘அடி தட்டுது’ என்றுதான் சொல்வார்கள். ‘அடிதட்டல்’ என்று போடுங்கோ.

ஒரு கேள்வி. ஆட்டத்தை அடக்கத்தானே சொக் (அதிர்வுதாங்கி) இருக்கு? அது ஏன் இதைப் பிடிக்கவில்லை?

திருநெல்வேலியிலிருந்து:

அண்ணை, சொக்கின் தண்டு அசைந்தால்தான் அது சக்தியைத் தின்னும். இந்தக் கார்களில் வில்லு அவ்வளவு விறைப்பு. தண்டு அசைவதே கொஞ்சம். மிச்ச ஆட்டம் ரயருக்குள்தான் நடக்கும். ரயர் நல்ல வில்லு, மோசமான சொக். அதே 2022இல் சில்லு 13 அங்குலத்திலிருந்து 18க்குப் போனது, ரயரின் பக்கச்சுவர் கட்டையானது. முன்னர் அலைவுகளை அடக்க உதவிய இனேர்ட்டர் என்ற சாதனமும் அந்த விதிகளோடு தடை.

காற்றை ஊதி மாதிரிக் காரைச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் ஏன் தெரியவில்லை என்றும் கேட்பீர்கள். மாதிரி 60 வீத அளவுக்கு மேல் போகக்கூடாது, காற்றின் கதி செக்கனுக்கு 50 மீற்றரைத் தாண்டக்கூடாது. மாதிரியை ஒரு கைதான் மேலிருந்து பிடித்திருக்கும். அது தன்பாட்டில் ஏறி இறங்காது. வில்லும் இல்லை, நிறையும் சரியில்லை. ஒவ்வோர் உயரத்திலும் நிறுத்தி அளந்த எண்கள் அழகாகத்தான் இருக்கும்.

பருத்தித்துறையிலிருந்து:

சொல் காருக்கு மட்டும் பொருந்தினால் காணாது. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய பைபர் வள்ளத்திலும் இதே பெயரில் ஒரு நோய் இருக்கிறது: அலையே இல்லாத கடலில், கதி கூடினதும் முன்தலை தன்பாட்டில் ஏறி ஏறி விழும். பாரம் பின்னுக்குக் கூடினாலோ இயந்திரத்தை வெளிப்பக்கமாகக் கூடச் சரித்தாலோ வரும். இயந்திரத்தை உள்ளே சரித்து, எரிபொருள் கானை முன்னுக்கு நகர்த்தினால் பெரும்பாலும் அடங்கும். இங்கேயும் வெளியிலிருந்து யாரும் உலுப்பவில்லை. ‘துள்ளல்’ என்றால் அலையில் எறிபடுவது என்றுதான் எங்கட பக்கம் விளங்கும். ‘ஓங்கில்’ நல்ல சொல்தான், ஆனால் ‘கார் ஓங்கில் துள்ளுது’ என்று வினையாக்கும்போது சிரிப்பு வரும்.

கொக்குவிலிலிருந்து:

சரி அக்கா, ஓங்கிலைக் கடலிலேயே விடுவோம். பாடநூலில் ‘அலைவு’ ஏற்கெனவே நிலைத்த சொல். ‘அமிழலைவு’ எப்படி?

சுன்னாகத்திலிருந்து:

அமிழ்வது தண்ணீருக்குள். வில்லு அமிழாது, அமுங்கும்.

திருநெல்வேலியிலிருந்து:

அப்படியென்றால் ‘அமுங்கலைவு’. இதில் எனக்குப் பிடித்தது, அமுக்கம் என்ற சொல்லின் வேரே உள்ளே இருப்பது. கார் கீழே ‘உறிஞ்சப்படுகிறது’ என்பது பேச்சு வழக்கு. உண்மையில் அடியில் அமுக்கம் குறைய, மேலிருக்கிற காற்றுத்தான் காரை அமுக்குகிறது. வள்ளத்தின் முன்தலையும் அமுங்கித்தான் எழும்புகிறது.

போட்டி விதிகளை வகுக்கும் எப்.ஐ.ஏ. அமைப்பின் அளவீட்டோடு இதைக் கலக்க வேண்டாம். 2022 பெல்ஜியப் போட்டியிலிருந்து காரின் நிலைக்குத்து ஆர்முடுகலை (மேல்கீழ் வேகமாற்றத்தை) அளந்து, 100 கிலோமீற்றருக்குக் கிலோகிராம் ஒன்றுக்கு 10 யூல் என்ற எல்லை வைத்தார்கள். அந்த மானி காரணம் பார்க்காது; அமுங்கலைவோ மேடுபள்ளமோ, எல்லாம் ஒரே கணக்கு. அதற்கு ‘நிலைக்குத்து அலைவு அளவு’ என்று பொதுவாக எழுதலாம். 2023இல் அடித்தள விளிம்பை 15 மில்லிமீற்றர் உயர்த்தியது அமுங்கலைவை நேரே குறிவைத்த விதி.

கொக்குவிலிலிருந்து:

பதிவுக்கு எடுக்கிறேன்:

அமுங்கலைவு (பெயர்): பாய்மத்தில் ஓடும் ஊர்தி, அந்த ஓட்டம் தரும் விசை மாறி மாறிக் கூடிக் குறைவதால், வெளித்தூண்டல் இல்லாமல் தானே அமுங்கி எழும் அலைவு. வினை: அமுங்கியெழு. ஒப்பிடுக: துள்ளல், அடிதட்டல்.

‘பாய்மம்’ (காற்று, நீர் போல ஓடும் பொருள்) என்று போட்டது தமிழ்நாட்டு வாசகருக்காக. எங்கட மாணவருக்குப் பக்கத்தில் ‘பாயி’ என்றும் சேர்ப்பேன். வாசல் கதிக்கு எண் எதுவும் போடவில்லை. அது காருக்குக் கார், ஒரே காரில் தரை இடைவெளிக்கு இடைவெளி மாறும்.

பருத்தித்துறையிலிருந்து:

‘ஊர்தி’ என்ற இடத்தில் ‘ஊர்தி அல்லது கலம்’ என்று திருத்திவிடுங்கோ அண்ணை.