குளிர் மழையில் யூனிசைக்கிள்: என்ன போட்டுக்கொள்வது?

தூறல்மணி:
வணக்கம். மான்செஸ்டரில் இருக்கிறேன். வேலைக்குப் போகவர 29 இன்ச் யூனிசைக்கிள் (ஒற்றைச் சக்கர சைக்கிள்), ஒரு பக்கம் 5 கி.மீ. இனி மார்ச் வரை காலையில் 2 முதல் 7 டிகிரி, பாதி நாள் தூறல். சைக்கிள்காரர்கள் போடும் பான்சோவும் (தலைவழியே மாட்டும் தொளதொள மழைப் போர்வை) நைலான் மழை பேன்ட்டும் எனக்குச் சரிவருமா? கைகாலுக்கு என்ன?

ஒத்தைச்சக்கரம்:
பான்சோ பக்கமே போகாதீர்கள். சைக்கிளில் அதன் முன்பகுதி ஹேண்டில்பார்மேல் கூடாரம் மாதிரி விரிந்து நிற்கும். இங்கே ஹேண்டில்பாரே இல்லை. துணி காலிடுக்கில் தொங்கி டயரில் உரசும், இறங்கும்போது சீட்டில் மாட்டும். இடுப்பளவு ஜாக்கெட், பின்னால் நாலு விரல் இறக்கம் போதும். அக்குளில் ஜிப் கட்டாயம். இறக்கத்திலும் மிதித்துக்கொண்டே இருப்பதால் உடம்பு ஆறாது. வேகமும் 15 கி.மீ. பக்கம்தான், வியர்வையைக் காயவைக்கிற அளவுக்குக் காற்று அடிக்காது.

உள்ளே மெரினோ (மெல்லிய கம்பளி) பனியன், துணி சதுர மீட்டருக்கு 150–200 கிராம். 2 டிகிரி என்றால் நடுவில் மெல்லிய ஃப்ளீஸ். பருத்தி வேண்டாம், நனைந்தால் சிக்னலில் நின்றதும் முதுகு சில்லிட்டுவிடும். வீட்டு வாசலில் லேசாகக் குளிர வேண்டும்; அங்கேயே கதகதப்பாக இருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள்.

கிராங்க்மாமா:
ஜாக்கெட்கூடப் பரவாயில்லை, பேன்ட்தான் தலைவலி. நைலான் மழை பேன்ட் நனைந்த சீட்டில் வழுக்கும். வண்டியைத் திருப்புவதே இடுப்பும் தொடையும்தானே, அந்தப் பிடி போனால் எல்லாம் போச்சு. தையலை மூடியிருக்கும் டேப்பும் சீட் உரசி உரசி கவட்டில்தான் முதலில் உரியும். கணுக்காலில் ஒடுங்கிய சாஃப்ட்ஷெல் (இழுபடும், தூறல் தாங்கும் துணி) பேன்ட், உள்ளே பேட் வைத்த ஷார்ட்ஸ்: 5 கி.மீ. தூறலுக்கு இது தாங்கும். கால் அகலமாக இருந்தால் பெடல் முள் பிடித்து இழுக்கும், வெல்க்ரோ பட்டை கட்டுங்கள்.

துணிக்குச் செலவழிக்கும் முன் மட்கார்டு போட்டாயிற்றா? சீட்டுக்கு நேர் கீழே சக்கரம். வானத்திலிருந்து வருவதைவிட டயர் வாரி அடிப்பதுதான் பின்புறத்தை நனைக்கும்.

தூறல்மணி:
மட்கார்டு இல்லை, வாங்கிவிடுகிறேன். கொட்டுகிற மழைக்கு?

ஈரசாக்ஸ்:
தொடையின் முன்பக்கத்தை மட்டும் மூடி, பின்னால் பட்டையால் கட்டும் மழை உறை கிடைக்கிறது. நிமிர்ந்து உட்காருவதால் அதிகம் நனைவது முன்தொடைதான்; சீட்டில் படும் இடம் திறந்திருப்பதால் வழுக்காது.

கைக்கு 2–3 மி.மீ. நியோப்ரீன் கையுறை, அதற்கு மேல் ரிஸ்ட் கார்ட் (மணிக்கட்டுக் காப்பு). தடித்த பனிக் கையுறைமேல் கார்ட் உட்காராது. விழுந்தால் முதலில் ஊன்றுவது உள்ளங்கை. கடையில் இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

ஷூவுக்கு மேல் உறை மாட்டாதீர்கள், அடிப்பகுதியைப் பெடல் முள் கிழித்துவிடும். தட்டையான அடியுள்ள ஷூ, உள்ளே தண்ணீர் புகாத சாக்ஸ். அது தடிப்பு, ஷூ அரை சைஸ் பெரிதாக வேண்டும். சாக்ஸின் வாய் பேன்ட்டுக்குள் இருக்கட்டும். வெளியே இருந்தால் காலில் வழியும் மழை உள்ளே இறங்கித் தேங்கும். லேஸ் முனையைச் செருகிவிடுங்கள், கிராங்கில் (பெடலைத் தாங்கும் கம்பி) சுற்றினால் இறங்கவே முடியாது.

ஒத்தைச்சக்கரம்:
இன்னொன்று. ஜாக்கெட்மேல் தண்ணீர் உருண்டு ஓடாமல் ஊற ஆரம்பித்தால் உடனே புதிது வாங்க வேண்டாம். ஃபேப்ரிக் கண்டிஷனர் போடாமல் துவைத்து, லேபிள் அனுமதித்தால் டிரையரில் குறைந்த சூட்டில் 20 நிமிடம் ஓட்டுங்கள். அப்படியும் ஊறினால்தான் தண்ணீர் ஒட்டாத ஸ்பிரே பூச்சு.