ஏப்ரல் 12 ஆகாத நாளா?

*குழு: ஆலமரத்து வீடு*

அத்தை: (பலமுறை பகிரப்பட்டது) அமெரிக்காவை ஆட்டிப்படைக்கும் ஏப்ரல் 12!! 1861ல் உள்நாட்டுப் போர் மூண்ட நாள். 1945ல் அதிபர் ரூஸ்வெல்ட் திடீர் மரணம். உடனே 10 பேருக்கு அனுப்பவும் 🙏

அத்தை: கண்ணு, நீ வீடு பத்திரம் போடுறது திங்கட்கிழமை 12ஆம் தேதிதானே? எனக்கு மனசே சரியில்லை

அண்ணன் (மிச்சிகன்): அத்தை 😀 பேங்க்காரன் குடுத்த தேதி அது

அத்தை: பங்குனி முடியட்டும்டா. சித்திரை ஒண்ணு, 14ஆம் தேதி பேஷா இருக்கும்

பெரியப்பா: 14ஆ? அதிபர் லிங்கனைச் சுட்டது 1865 ஏப்ரல் 14 ராத்திரி. டைட்டானிக் நியூயார்க் போற வழியில பனிப்பாறையில மோதினது 1912 ஏப்ரல் 14 ராத்திரி. போதுமா?

அத்தை: ஐயோ

சித்தி: ரிட்டயர் ஆகியும் வாத்தியார் வேலை போகலை பாருங்க

பெரியப்பா: கேளும்மா. 1861ல சார்ல்ஸ்டன் துறைமுகத்துல சம்டர் கோட்டைன்னு ஒண்ணு. சுத்தி எல்லாம் பிரிஞ்சு போன தென் மாநிலத்துக்காரங்க, நடுவுல லிங்கன் அரசாங்கத்தோட மேஜர் ஆண்டர்சன் கொஞ்சம் சிப்பாய்களோட மாட்டிக்கிட்டார். உள்ளே சாப்பாடு தீரப்போகுது. லிங்கன் கப்பல்ல உணவு அனுப்புறேன்னு முன்கூட்டியே சொல்லிட்டார். கப்பல் வந்து சேர்ந்தா கோட்டை இன்னும் நாள் தாங்கும், அதனால அதுக்கு முன்னாடியே அடிச்சிடணும்னு அந்தப் பக்கம் முடிவு. காலை நாலரைக்கு முதல் குண்டு. தேதி கிழமை யாரும் பார்க்கலை. சோறு தீர்ற நாள் அது, அவ்வளவுதான்.

பெரியப்பா: இதுல ஒரு கூத்து. குண்டு போட்ட தளபதி போரகார்டுக்கு வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில பீரங்கிப் பாடம் நடத்தினவரே இந்த ஆண்டர்சன்தான்.

நான்: துரோணர் அர்ச்சுனன் கதை!

பெரியப்பா: ஆமா. 34 மணி நேரம் அடிச்சாங்க, அந்தச் சண்டையில ஒரு உயிர் போகலை. அப்புறம் நாலு வருஷத்துல ஆறு லட்சத்துக்கு மேல போச்சு. 1865ல அதே ஏப்ரல் 14, ஆண்டர்சன் சரணடைஞ்சு இறக்கிட்டுப் போன அதே கொடியை அவர் கையாலயே திரும்ப ஏத்த வெச்சாங்க. அது திட்டம் போட்டு வெச்ச தேதி. அன்னைக்கு ராத்திரி தியேட்டர்ல லிங்கனைச் சுட்டது திட்டத்துல இல்லாதது.

சித்தி: ரூஸ்வெல்ட்?

பெரியப்பா: ஜார்ஜியாவுல வார்ம் ஸ்பிரிங்ஸ் வீட்டுல ஒரு அம்மா அவரை உட்கார வெச்சு படம் வரைஞ்சுக்கிட்டு இருந்தாங்க. தலை பின்னாடி பயங்கரமா வலிக்குதுன்னார், சரிஞ்சுட்டார். டாக்டர் பார்த்தப்போ பிரஷர் 300ஐத் தாண்டி. நாளும் கோளும் என்ன பண்ணும், வருஷக்கணக்கா ஏறி நின்ன பிரஷர். படம் இன்னும் பாதியிலதான் இருக்கு. சாயங்காலம், அடுத்த அதிபராகப் போற துணை அதிபர் ட்ரூமன், ரூஸ்வெல்ட் மனைவிகிட்ட "உங்களுக்கு நான் ஏதாவது செய்யணுமா?"ன்னு கேட்டாராம். அந்தம்மா "உங்களுக்கு நாங்க என்ன செய்யணும்? இப்ப சிக்கல்ல இருக்கறது நீங்கதான்"னாங்க.

சித்தி: புருஷன் போன அன்னைக்கே இப்படி ஒரு பேச்சா. பெரிய மனுஷி

அண்ணன் (மிச்சிகன்): பெரியப்பா, ஃபார்வர்ட்ல ஒண்ணு விட்டுப்போச்சு. எங்க ஊர் ஆன் ஆர்பர், 1955 ஏப்ரல் 12. நான் தினம் பஸ்ல தாண்டிப் போற ராக்கம் அரங்கத்துலதான் போலியோ ஊசி வேலை செய்யுதுன்னு உலகத்துக்கே சொன்னாங்க. 18 லட்சம் பிள்ளைங்க கலந்துக்கிட்ட சோதனை. பேராசிரியர் பிரான்சிஸ் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல கணக்கு படிச்சார். வெளியே சர்ச் மணி அடிச்சுக் கொண்டாடினாங்க

சித்தி: நாம பிள்ளைங்களுக்கு விட்ட சொட்டு மருந்தா?

அண்ணன் (மிச்சிகன்): இல்ல சித்தி, அது பின்னாடி சேபின் கொண்டுவந்தது. இது டாக்டர் சால்க் கண்டுபிடிச்ச ஊசி. அன்னைக்கு ராத்திரி டிவியில காப்புரிமை யாருதுன்னு கேட்டதுக்கு "மக்களோடது. சூரியனுக்குக் காப்புரிமை வாங்க முடியுமா?"ன்னார்

பெரியப்பா: ரூஸ்வெல்டுக்கே 39 வயசுல போலியோ வந்து கால் போச்சு. இந்த ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டின அமைப்பு அவர் ஆரம்பிச்சது. அறிவிச்சது அவரோட பத்தாவது நினைவு நாள். சும்மா அமைஞ்ச தேதின்னா நான் நம்ப மாட்டேன்.

அண்ணன் (மிச்சிகன்): ஜனங்க பத்து சென்ட் பத்து சென்டா அனுப்பினாங்க. அதனாலதான் இப்பவும் பத்து சென்ட் காசுல அவர் தலை. என் பாக்கெட்லயே நாலு கிடக்கு

நான்: எனக்கும் ஒண்ணு தெரியும்! கொலம்பியா விண்கலம் முதல்ல பறந்தது 1981 ஏப்ரல் 12. முதல் மனுஷனா ககாரின் விண்வெளிக்குப் போய் சரியா 20 வருஷம்

பெரியப்பா: அது யாரும் குறிச்ச நாள் இல்லை. 10ஆம் தேதியே கிளம்பியிருக்கணும். உள்ளே இருந்த கம்ப்யூட்டருங்க ஒண்ணோட ஒண்ணு நேரம் ஒத்துப்போகாம நிறுத்திட்டாங்க.

சித்தி: ஆக, ஒண்ணு சோத்தால, ஒண்ணு பிரஷரால, ஒண்ணு கம்ப்யூட்டரால. மதினி, இனி ஃபார்வர்ட் பண்ணுவீங்களா?

அத்தை: சரி சரி. போலியோ ஊசி வந்த நாள்னா நல்ல நாள்தான். பத்திரம் எத்தனை மணிக்கு கண்ணு?

அண்ணன் (மிச்சிகன்): காலையில எட்டரை அத்தை

அத்தை: திங்கட்கிழமை ஏழரை ஒன்பது ராகுகாலம்டா!!!

அண்ணன் (மிச்சிகன்): ஒன்பதேகாலுக்கு மாத்தித் தருவாங்களான்னு கேட்டுட்டேன் அத்தை

பெரியப்பா: 🤦