இதயத்தின் படத்தை விரல்களுக்காக வரைதல்: அனுபவங்கள்

சிறப்பாசிரியர், மதுரை:

பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் உள்ள இதயத்தின் குறுக்குவெட்டுப் படத்தைப் பார்வையற்ற மாணவி ஒருவருக்காகத் தொட்டறியும் படமாக்கினேன். அச்சுக்கோடுகளை மேடாக்கினாலே போதும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் விரல் ஒரு கோட்டைத் தொடர்ந்து சென்று, அடுத்ததைத் தேடிப்பிடித்து, இரண்டையும் மனத்தில் இணைத்த பின்னரே வடிவத்தை உணர்கிறது. ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவாக நெருங்கிச் செல்லும் இரு கோடுகளைப் பிரித்தறிய அது திணறும். ஆகவே பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் ஒன்றையொன்று கடக்கும் மேற்பகுதியைத் தனித்தாளுக்கு மாற்றிவிட்டு, முதல் தாளில் நான்கு அறைகளையும் வால்வுகளையும் மட்டும் வைத்தேன். சிவப்பு, நீல நிறங்களுக்குப் பதிலாக இடப்பக்க அறைகளில் உப்புத்தாளையும் வலப்பக்க அறைகளில் வழுவழுப்பான தாளையும் ஒட்டினேன். இடது வெண்ட்ரிக்கிளின், அதாவது இடப்பக்கக் கீழறையின், தடித்த சுவருக்குக் கம்பளி நூலை இரட்டையாக ஒட்டியது நல்ல பலன் தந்தது. பாடம் நடத்துவதற்கு முன்பே அந்தச் சுவர் மட்டும் ஏன் பருமனாக உள்ளது என்று மாணவி கேட்டுவிட்டார்.

பெயர்களைப் படத்திற்குள் எழுத இயலாது. பிரெய்ல் எழுத்தைச் சிறிதாக்கினால் படிக்க முடியாமல் போகும். ஈரெழுத்துக் குறிகளை மட்டும் படத்தில் பொறித்து, விளக்கத்தை முந்தைய பக்கத்தில் தருவதே வழி. ரப்பர் விரிப்பின்மேல் தாளை வைத்துத் தையற்காரரின் பற்சக்கரத்தால் பின்புறமிருந்து புள்ளியிடுவோர் படத்தை இடவலம் மாற்றி வரைய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதயத்தில் இடவலம் மாறினால் பாடமே மாறிவிடும்.

பார்வையற்ற கணித ஆசிரியர், கோவை:

உயிரியலைவிட வடிவியலே எனக்குத் தொல்லை தந்தது. கனசதுரத்தைச் சாய்வாக வரைந்து மேடாக்கித் தருவார்கள்; கையில் பிடித்தால் எல்லா முகமும் சதுரமாக இருக்கும் பொருள் தாளில் சாய்ந்த நாற்கரங்களாக எப்படி ஆனது என்று யாரும் விளக்கியதில்லை. தொலைவும் ஆழமும் கண்ணுக்குத் தோன்றும் விதம் அது. விரலுக்கு அந்த அனுபவம் இல்லை. எனவே என் மாணவர்களுக்கு முதலில் மரக்கட்டையைத் தந்துவிட்டு, மேலிருந்து தெரிவது, முன்னிருந்து தெரிவது என இரண்டு தனிப்படங்களைக் கொடுக்கிறேன். பிறகு ரப்பர் பலகையில் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, பேனாமுனை செல்லும் இடமெல்லாம் மேடாகும்படி அவர்களையே வரையச் சொல்கிறேன். ஒருவர் எதை எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார் என்பது அவர் வரைந்ததைத் தடவும்போது எனக்குத் தெளிவாகிவிடுகிறது.