மழைக்குப் பின் உரியும் வெளிச்சுவர் பெயின்ட்: கான்ட்ராக்டருக்குப் பாக்கியைக் கொடுக்காமல் நிறுத்தி வைக்கலாமா?

கணபதிபுரம் வாசி:

அனைவருக்கும் வணக்கம். ராஜாக்கமங்கலத்தை அடுத்த கணபதிபுரத்தில், கடலிலிருந்து அதிகத் தொலைவில்லாத எங்கள் வீட்டுக்கு, மகளின் திருமணத்தை ஒட்டி மாசி மாதம் உள்ளும் புறமும் பெயின்ட் அடித்தோம். பழைய பெயின்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி பார்த்து (சுவரைச் சமப்படுத்தும் பூச்சு), ஒரு கோட் பிரைமரும் (அடிப்பூச்சு) இரண்டு கோட் எமல்ஷனும் (மேலே அடிக்கும் நிறப் பெயின்ட்) அடித்துத் தருவதாகக் கான்ட்ராக்டர் தமது லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்திருக்கிறார். பொருளும் கூலியும் சேர்த்து 1,65,000 ரூபாய்க்குப் பேசி, 1,40,000 ரூபாயை வங்கி வழியாகக் கொடுத்துவிட்டேன்.

இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கியதும் மேற்குப் பார்த்த வெளிச்சுவரில் கொப்புளம் எழும்பி, சன்ஷேடுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் உரிந்து விழுகிறது. உரிந்த துண்டைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் முழுவதும் மாவு போன்ற வெள்ளைப் பொடி. ஹாலில் சுவிட்ச் பிளேட்டுகளைக் கழற்றாமலே சுற்றி அடித்திருக்கிறார்கள் என்பது, எலெக்ட்ரீஷியன் ஒன்றைக் கழற்றியபோது பழைய நீல நிறம் அப்படியே இருந்ததைக் கண்டுதான் தெரிந்தது.

கேட்டால், "கடற்கரை வீடு, சுவரில் ஈரம் ஏறுகிறது, அதற்கு நான் பொறுப்பில்லை, முதலில் பாக்கியைத் தாருங்கள்" என்கிறார். மீதியை நிறுத்தி வைப்பது முறைதானா? வேறு ஆளை வைத்து இப்போதே சரிசெய்துவிட்டு, அந்தச் செலவை இவரிடம் கேட்க முடியுமா?

ஓய்வு பெற்ற கட்டடப் பொறியாளர், நாகர்கோவில்:

வேறு ஆளை இப்போது சுவரில் கைவைக்க விடாதீர்கள். குறை யாருடையது என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்தச் சுவர்தான்.

கான்ட்ராக்டர் சொல்வதை முற்றிலும் தள்ளிவிட முடியாது. நம் கடலோரத்தில் உப்புக் கலந்த மணலிலும் கிணற்று நீரிலும் பூச்சு வேலை செய்த வீடுகள் பல உண்டு; அத்தகைய சுவரில் ஈரம் வெளியேறும்போது உப்பும் சேர்ந்து பூத்து, எவ்வளவு உயர்ந்த பெயின்டையும் தள்ளிவிடும். ஆனால் அதற்கென்று தனி அடையாளம் இருக்கிறது. பெயின்ட் உரிந்த இடத்தில் பூச்சு நனைந்து கறுத்தும், மெல்லிய நூலிழைகளாக உப்புப் படிந்தும் இருந்தால் சுவரின் குறை. உரிந்த துண்டோடு பழைய பெயின்டும் சேர்ந்து வந்தால், சுரண்டாமல் மேலேயே அடித்திருக்கிறார்கள். நீங்கள் சொல்வதுபோல் காய்ந்த வெள்ளைப் பொடி ஒட்டிக்கொண்டு வந்தால், பட்டியைத் தேய்த்த தூசியைத் துடைக்கவில்லை அல்லது பிரைமர் போடவில்லை என்றே நான் கருதுவேன்.

நான்கைந்து நாள் நல்ல வெயில் கண்ட பிறகு, உரிந்த இடத்தில் ஓரடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு புறமும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டி, மறுநாள் பாருங்கள். சுவரைத் தொடும் பக்கத்தில் நீர்த்துளி நின்றால் ஈரம் உள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது காற்றின் ஈரம். தேதி தெரியும்படி படம் எடுத்து, உரிந்த துண்டுகளையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். சன்ஷேடின் மேல்பக்கத்தில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அங்கே நீர் தேங்கிக் கீழே இறங்கினால், அந்த ஒரு பகுதிக்குப் பெயின்டரைக் குறை சொல்ல இயலாது.

மார்த்தாண்டம் பெயின்டர்:

அண்ணாச்சி, இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். கல்யாண வீட்டு வேலையில், பந்தல்காரர் வந்து நிற்கும்போது, விழுங்கப்படுவது பெரும்பாலும் பிரைமரும் முதல் கோட் காய்வதற்கான நேரமும்தான். அதை வீட்டுக்காரர் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது; டின் கணக்குக் காட்டிக்கொடுத்துவிடும். வெளிச்சுவர் எமல்ஷன் ஒரு லிட்டர், இரண்டு கோட்டுக்குச் சுமார் 50 முதல் 60 சதுர அடிதான் வரும். ஆகவே 1,800 சதுர அடிச் சுவருக்கு 30 லிட்டருக்குக் குறையாமல் இறங்கியிருக்க வேண்டும்; பிரைமர் தனி. கடை பில்லைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்கினாலே விஷயம் புரிந்துவிடும்.

சுவரைக் கையால் தேய்த்தால் நிறம் பொடியாக ஒட்டுகிறதா என்றும் பாருங்கள். அளவுக்கு மீறித் தண்ணீர் கலந்தால் அப்படி வரும். எவ்வளவு கலக்கலாம் என்பது டின்னிலேயே அச்சிட்டிருக்கும், பலர் அதை வாசிப்பதில்லை.

கணபதிபுரம் வாசி:

இருவருக்கும் நன்றி. பிளாஸ்டிக் தாளின் உட்பக்கம் காய்ந்தே இருந்தது. சன்ஷேடில் வெடிப்பு ஏதுமில்லை. என் வெளிச்சுவர் ஏறக்குறைய 1,700 சதுர அடி. கடை பில்லில் வெளிச்சுவர் எமல்ஷன் 20 லிட்டர் வாளி ஒன்று மட்டுமே இருக்கிறது. என் மனைவி மட்டுப்பாவில் (மொட்டை மாடியில்) தண்ணீர் பிடிக்க எடுத்து வைத்திருந்ததும் அந்த ஒரே வாளிதான். வெளிச்சுவர் பிரைமர் பில்லிலேயே இல்லை.

தக்கலை வழக்கறிஞர்:

அப்படியானால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. பாக்கியை நிறுத்தி வைக்கலாம், ஆனால் வாய் திறக்காமல் நிறுத்தி வைத்தால் பின்னாளில் நீங்களே பணம் தராமல் ஏமாற்றியதாகக் கதை மாறும். கான்ட்ராக்டர் லெட்டர்பேடில் தந்த கொட்டேஷனில் எழுதிய வேலைகள் எவை, அவற்றில் செய்யப்படாதவை எவை, மேற்குச் சுவரை எந்தத் தேதிக்குள் முறைப்படி செய்து தர வேண்டும், அது முடிந்ததும் 25,000 ரூபாயைத் தரத் தயார் என்பதையெல்லாம் ஒரே கடிதமாக எழுதி, படங்களையும் பில் நகலையும் இணைத்து, ஸ்பீட் போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம், அதுவும் பதிவுதான்.

அதற்கும் அசையாவிட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இது சேவைக் குறைபாடு. நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்களே மனு கொடுக்கலாம். வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணமும் கிடையாது. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனுவைக் கொடுத்துவிட வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம் என்றாலும், பெரிய நிறுவனங்களுக்கு அது தரும் அழுத்தத்தை ஊர்க் கான்ட்ராக்டர் ஒருவருக்குத் தரும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன்.

வேறு ஆளை வைத்துச் செய்த செலவைக் கேட்பதற்கும் வழி உண்டு. ஆனால் கடிதத்தில் கொடுத்த கெடு முடிந்த பிறகு, ஒரு சிவில் பொறியாளரிடம் சுவரின் நிலையைப் பற்றி எழுத்து மூலம் அறிக்கை வாங்கிக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

மார்த்தாண்டம் பெயின்டர்:

வக்கீல் சார் சொன்ன கடிதத்தில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அண்ணாச்சி. உரிந்த இடத்தில் மட்டும் ஒட்டுப்போட்டு அடித்தால் நிறம் சேராது. மூலையிலிருந்து மூலை வரை முழுச் சுவரையும் சுரண்டி, வெளிச்சுவருக்கான சிமென்ட் பட்டி, பிரைமர், இரண்டு கோட் என்று எழுதுங்கள். கடிதம் கிடைத்த பயத்தில் அவர் நாளைக்கே ஆளோடு வந்து நின்றாலும், ஈரச் சுவரில் பிரஷ் வைக்க விடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து தை மாதம் சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு செய்வதாகத் தேதியைக் குறித்து, அதற்கு அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.