மூணு போட்டுட்டு கிரேன் ஏறினேன்

செம்பூர்க்காரன்:
மும்பை ஹைல, அதான் நடுக்கடல் எண்ணெய் வயல்ல, கிரேன் ஓட்டுறேன், கான்ட்ராக்ட் ஆள். 14 நாள் கடல், 14 நாள் வீடு, 12 மணி நேர ஷிஃப்ட். போன ட்ரிப்புக்கு விடிகாலை 4 மணிக்கு எழுந்து ஜூஹு போனேன். மழைன்னு ஹெலிகாப்டர் மதியம்தான் கிளம்புச்சு. இறங்கி, சேஃப்டி பேச்சு கேட்டு, பையை வைக்கிறதுக்குள்ள சாயங்காலம் ஆறு, நைட் ஷிஃப்ட்.

ராத்திரி மூணு மணி. சப்ளை போட்ல இருந்து பைப் கட்டு தூக்குறேன். சரக்கைக் கட்டி சிக்னல் காட்டுற ரிக்கர் 'நிறுத்து'ன்னு கை காட்டுறது கண்ணுல படுது, ஆனா கை லீவரை விடல. ஒரு செகண்ட் இருக்கும். கட்டு போய் தடுப்புக் கம்பில உரசி நின்னுச்சு. யாருக்கும் அடி இல்ல.

ஷிஃப்ட்டுக்கு முன்னாடி ஒரு தாள் தருவாங்க, தூக்கக் கலக்கம் எவ்வளவுன்னு 1லேர்ந்து 9 வரை. நான் 3 போட்டிருந்தேன். எல்லாரும் 3தான் போடுவோம். 8 போட்டா அடுத்த ட்ரிப்புக்குக் கூப்பிடுவாங்களா? இதை வேற எப்படிங்க அளக்கிறது?

முலுண்ட் பெரியவர்:
தம்பி, அது கரோலின்ஸ்கா அளவுகோல், நல்ல சாமான்தான். சோத்துக்குப் பயப்படுறவன்கிட்ட கேட்டா 3தான் வரும். நீ மணியை எண்ணு. தொடர்ந்து 17 மணி நேரம் முழிச்சிருந்தா, ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் ஏறினவன் மாதிரி கை தடுமாறும்னு டாஸன், ரீட்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1997லயே அளந்து காட்டிட்டாங்க. நம்ம நாட்டுல வண்டி ஓட்ட வரம்பே 0.03. ராத்திரி ஒன்பதுக்கே உனக்கு 17 முடிஞ்சுது, மூணு மணிக்கு 23. பாந்த்ரா நாகாபந்தில போலீஸ் பைக்காரனை ஊதச் சொல்றான். உன்னை யார் ஊதச் சொன்னா?

பார்ஜ் மெடிக்:
அண்ணே, பட்டன் டெஸ்ட் ஒண்ணு இருக்கு. திரையில எண் ஓட ஆரம்பிச்சதும் அமுக்கணும், 10 நிமிஷம். அரை செகண்டைத் தாண்டினா அது ஒரு தவறல். இதுல நடிச்சு நல்ல பேர் வாங்க முடியாது. ஆனா ஷிஃப்ட்டுக்கு முன்னாடி 60 பேரை உட்கார வைக்க எங்கே நேரம்? நாங்க தாள்ல கேள்வியை மாத்தினோம்: 'இன்னிக்கு எத்தனை மணிக்கு எழுந்தீங்க?' இதுக்கு யாரும் பொய் சொல்றதில்ல, வெட்கப்பட ஒண்ணுமில்லையே. ஹெலிகாப்டர் லேட்டானதும் மேனிஃபெஸ்ட்லயே (பயணிகள் பட்டியல்) தெரியும். அப்புறம், ஏழு நைட் முடிச்சு நடுவுல பகலுக்கு மாத்துற நாளையும் கவனிங்க. உடம்பு அப்பத்தான் ராத்திரிக்குப் பழகியிருக்கும்.

செம்பூர்க்காரன்:
ஹெலிகாப்டர் லேட்டானா அன்னிக்கு ராத்திரி கிரேன் வேண்டாம்னு இன்ஸ்டலேஷன் மேனேஜருக்கு மெயில் போட்டிருக்கேன், பதில் இன்னும் வரல. புதன்கிழமை கிளம்பணும். செவ்வாய் மதியமே படுத்துக்கலாம்னா கீழ்வீட்ல டைல்ஸ் வெட்டுறாங்க.